மீன்களுக்குப் பின்னால்

கெமி நகரத்தில் டிசம்பர் மாதம்
பள்ளிக்கூடம் விடுமுன்பே இருட்டிவிடும்.
மூன்று மணிக்குக் கதவு திறந்து திறந்து மூட
பனி ஒட்டிய பூட்ஸோடு வருகிறார்கள்,
ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, யாரையும் பாராமல்,
சார்ஜர் செருக இடம் தேடி.

பதின்வயதினர் பகுதி என் பொறுப்பு.
அதாவது: ஆறு பீன் பேக், அதில் ஒன்று கிழிசல்;
காலையில் எண்ணி வைத்தால் மாலையில் குறையும் ஹெட்போன்கள்;
சத்தம் போடாதே என்பதை
வாய் திறக்காமல் சொல்லப் பழகிய என் புருவங்கள்.

நாள்தோறும் ஒரு தாள் நிரப்ப வேண்டும்.
தகவல் கேட்டவர் எத்தனை,
வழி கேட்டவர் எத்தனை, மற்றவை எத்தனை.
கோடு கோடாய்ப் போடுகிறேன்.
கழிப்பறை எங்கே என்று துயிஸ்கு கேட்டாள். வழி: ஒன்று.
அரை மணி கழித்து மறுபடியும் கழிப்பறை. வழி: இரண்டு.
(மூன்று வருஷமாக இங்கே வருகிறவள்.)
மூன்றாம் முறை மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு
"எத்தனை மணி வரைக்கும் இங்கே இருக்கலாம்?" என்றாள்.
எட்டு வரை.
"அதுக்கப்புறம்?"
சேர்ந்து பேருந்து நேரம் பார்த்தோம், ஒரே திரையில்.
எட்டு ஐந்துக்கு ஒன்று, எட்டு நாற்பதுக்கு ஒன்று.
இரண்டுமே அவள் வீட்டுக்குத்தான் போகின்றன.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

அந்த வாரம்தான் கவனித்தேன்:
குடிக்கிற அப்பா அம்மா வாய்த்த பிள்ளைகளுக்கென்று
ஒல்லியாய் ஒரு புத்தகம், மஞ்சள் அட்டை,
மீன்தொட்டிப் பராமரிப்பு அடுக்கில்
கப்பிகளுக்கும் தங்கமீன்களுக்கும் பின்னால் படுத்திருந்தது.
எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். மறுநாள்
மீன்களுக்குப் பின்னால்.
உள்ளே ஒரு பேருந்துச் சீட்டு, பத்தொன்பதாம் பக்கத்தில்.

நான் படித்த படிப்பில்
இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்.
சரி, கணினியில் தொலைந்தது என்றே பதிந்தேன்.
இன்னொரு பிரதி வாங்கி உரிய அடுக்கில் நிறுத்தினேன்.
மூன்றிலிருந்து ஐந்துவரை
மீன்கள் பக்கம் போவதை விட்டேன்.
துடைக்க வருகிறவரிடம்
அங்கே தூசியே இல்லை என்றேன். பொய்.

யாரென்று தெரியாது. துயிஸ்குவாக இருக்கலாம்.
செஸ் பலகையை யாருக்கும் விடாத சஹ்ராவாக,
எந்நேரமும் சிரிக்கிற அந்த நெட்டைப் பையனாகக்கூட.
தெரிந்துகொள்ளாதிருப்பதற்கும் சேர்த்துத்தான்
நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.
ஆனாலும் இரவு பூட்டுமுன்
சீட்டை மட்டும் பார்ப்பேன்.
முப்பத்தொன்று. முப்பத்தொன்று.
கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க முப்பத்தொன்று.
ஜனவரியில் ஒருநாள் ஐம்பத்தெட்டு.
அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், மைனஸ் இருபதில்.

ஏலி வந்து கெடுக்கப் பார்த்தான்.
நிஜமாகவே அவனிடம் கப்பி மீன்கள் இருந்தன,
நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தன.
"நீ உட்கார், நான் எடுத்து வர்றேன்" என்று
ஓடினேன் பாருங்கள்,
இத்தனை வருஷத்தில் யாருக்கும் அப்படி ஓடியதில்லை.
"எனக்கும் கால் இருக்கே" என்றான்.
ஐந்து புத்தகம் அள்ளிக் கொடுத்தேன்.
தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னேன்.
தகவல்: ஒன்று.

மே மாதம், வளைகுடாவில் பனிக்கட்டி உடைந்த வாரம்,
மஞ்சள் அட்டை திருப்பித் தரும் பெட்டிக்குள் கிடந்தது,
யாரும் இரவல் வாங்காத புத்தகம்.
சீட்டு இல்லை. கடைசிப் பக்கத்தின் மூலை
மடிக்கப்பட்டு, பிறகு
விரலால் நீவி நீவி நேராக்கப்பட்டிருந்தது.

ரைலி கணக்கெடுப்புப் பட்டியலோடு வந்து நின்றாள்.
"அந்தத் தொலைந்த பிரதி கிடைத்ததா?"
தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்,
பழைய நாளிதழ்க் கட்டுக்கு அடியில் அது இருக்க,
மீன்கள் பக்கம் நடந்துகொண்டே.