இரண்டு குப்பி

ஒலாங்கோவுக்கு மூன்று நாளாய்ப் படகில்லை.
புயல் விலகிவிட்டது என்றது வானொலி.
கடல் வானொலி கேட்பதில்லை.

துணி துவைக்கும் தொட்டியில் மணல் பரப்பி
ஒரு கூம்புச் சங்கு.
இரவு முக்குளித்து தியோபிஸ்தோ எடுத்தது,
இடுக்கியால், உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி.
செபு வியாபாரிக்கு உதடு உடையாத ஓடு வேண்டும்.
உள்ளே இருப்பது வேண்டாம்.

விற்கப்போகிற கோழிக்கும் தவிடு போடுவோம்தானே,
ஒரு பொடிமீனை விட்டேன்.

டார்ச்சின் மேல் சிவப்புத் துணி சுற்றிப் பார்த்தேன்.
மணலிலிருந்து முதலில் ஒரு குழாய் நீண்டு
தண்ணீரை மோந்தது.
பிறகு வாய்,
அவசரமில்லாமல் விரிந்த குடை.
மீன் ஓடவில்லை, துள்ளவில்லை,
தூக்கம் வந்த பிள்ளை பாய்க்குப் போவதுபோல
தானாகவே உள்ளே போனது.

"அது தண்ணீரில் கரைக்கிறதே, இன்சுலின்தான்,
உன் மருந்து" என்றாள் சுகாதார நிலையத்து லுஸ்மிண்டா.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை பதினெட்டு யூனிட்
வயிற்றில் ஏற்றிக்கொண்ட பிறகுதான்
அரிசி டின்னைத் திறந்தேன்.
தகரம் தெரிந்தது.
படகுக்காரர்களோடு பொங்கித் தின்ன
எடுத்துப் போயிருக்கிறார். சொல்லவில்லை.

முதலில் மேலுதடு வியர்த்தது.
விரல்கள் என்னுடையவை இல்லை.
சுவர்கள் நான்கும் மெல்ல, அன்பாக,
கிட்டே வந்தன.
பயமே இல்லை. அதுதான் பயம்.
நான் எங்கும் ஓடவில்லை.

அலமாரிக்குப் பின்னால் ஒரு டின் பால்,
போன கிறிஸ்துமஸில் திறந்தது.
விளிம்பெல்லாம் எறும்பு.
எறும்போடு சேர்த்து வழித்து நக்கினேன்.
இன்னும் கால் மணி போயிருந்தால்
எனக்குச் சங்கு.

நான்காம் நாள் படகு வந்தது.
உலையில் தண்ணீர் கொதித்தது.
தொட்டியருகே கொஞ்சம் நின்றேன்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை,
அது கேட்டதா என்னிடம்?
போட்டபோது ஏனோ
ஒரு கை உப்பும் சேர்த்துப் போட்டேன்.
சதையைப் பூனை மோந்துவிட்டுப் போனது.

ஓட்டின் மேல் தேசப்படம்போலச் செம்பழுப்புத் திட்டுகள்.
படகில் திருப்பித் திருப்பித் தேடினேன்,
எங்கள் தீவு அதில் இல்லை.

வியாபாரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கவிழ்த்துத் தட்டினான்.
"உள்ளே ஒன்றும் இல்லையே?"
இல்லை என்றேன்.

அவன் தந்தது சரியாக
இரண்டு குப்பிக்கு ஆனது.
கடைசிப் படகில் திரும்பினேன்,
மடியில் மருந்து,
அதன் மேல் ஒரு பொட்டலம் ரொட்டி,
பிரிக்காமல்,
இரண்டு கையாலும் பிடித்தபடி.