மண்ணிறம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.
மெழுகு நாடா பறந்துவிடும்.
சித்திரைப் புழுக்கம். வாவிப் பக்கத்து யன்னலும் சாத்திக் கிடக்கு.
நாலு மைக்ரோன் தடிப்பில்
ஆயித்தியமலை யோகதாசன்
என் தூரிகை நுனியில் சுருள்கிறார்.

படிவத்தில் எழுத்து கோழி கிளறின மாதிரி:
வயது முப்பத்தாறு. கலியாணமாகி ஒன்பது வருடம்.
விந்தணு இல்லை.
பிறப்பில் இரு விதையும் இறங்கவில்லை.
சத்திரசிகிச்சை பதினொரு வயதில்.

இரண்டு வயதுக்குள் செய்திருக்க வேண்டியது.
பிறந்த ஆண்டோடு இரண்டைக் கூட்டிப் பார்க்கிறேன்.
தொண்ணூறு.
மிச்சத்தைப் படிவத்தில் எழுதத் தேவையில்லை.
அந்த வருடம் இந்த மாவட்டத்தில்
ஒரு குழந்தையின் அடிவயிற்றைத் தடவிப் பார்க்க
யாருக்குக் கை ஒழிந்திருந்தது?

கண்ணாடியில் சாயம் ஏறுகிறது.
தேடுவது ஒரேயொரு புரதம்.
தாய் வயிற்றில் எட்டாம் கிழமை
கருப்பையாகக் கூடிய குழாயை
'நீ வேண்டாம்' என்று கரைத்தது அது.
பிறகும் போகாமல் சின்ன வயதெல்லாம் கூடவே இருக்கும்.
மீசை அரும்பும் காலத்தில்
சொல்லாமல் கொள்ளாமல் விலகிப்போகும்.
போனால்தான் மற்ற வேலை தொடங்கும்.

இருந்தால் மண்ணிறம். இல்லாவிட்டால் வெறும் நீலம்.
மண்ணிறத்தைக் கண்டால் வெற்றி என்று பழகின கண்
இன்றைக்கு நீலம் வேண்டுமென்று குனிகிறது.

மண்ணிறம்.
வட்டம் வட்டமாக, நுண்குழாய் ஒவ்வொன்றிலும்
மாரி வெள்ளம் வடிந்த சுவர் மாதிரி.
ஆளுக்குத் தாடியில் நரை விழுந்துவிட்டது,
உள்ளே கலங்களுக்கு இன்னும் ரெண்டு வயது.
உடம்புச் சூட்டுக்குள் ஒளித்துவைத்த பிள்ளைகள்.
இனி வெளியே வரலாம் என்று
ஒருத்தரும் நேரத்துக்குப் போய்ச் சொல்லவில்லை.

ஐம்பத்து மூன்று குழாய் எண்ணினேன்.
ஐம்பத்து நாலாவது, விளிம்போரம், பாதி கிழிந்தது:
நீலம்.
வில்லையை மாற்றிப் பெருக்கினேன். நடுவில்
வால் முளைக்கப் பார்க்கிற ஏதோ ஒன்று.
அல்லது தூசி.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தால்
மூன்றாம் தடவையாக வாங்கில் அவர்.
பக்கத்தில் சுகிர்தா, மடியில் கோப்பு,
மூலை ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டு.
"என்னவும் கிடக்கா மிஸ்?"
சொல்லுறது டொக்டர். நான் சொல்லக் கூடாது.
"வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.
அவர் என் முகத்தைப் படிக்கப் பார்த்தார்.
அது என்ன சாயம் பிடித்திருந்ததோ.

திரும்பி வந்து மறுபடி விசிறியை நிறுத்தினேன்.
மெழுகுக் கட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம்.
ஒருவரும் கேட்காத வெட்டு, கணக்கில் வராத கண்ணாடி.
நாலு மைக்ரோன். இன்னும் நாலு.
அந்தக் கிழிந்த குழாய்
உள்ளே எந்தப் பக்கம் திரும்புகிறது என்று
பார்க்க வேண்டும்.