துபாஷி கூலி

மேலச்சிறுகுடி அரண்மனைக்குள் யாரும்
செருப்போடு நுழைவதில்லை.
கலெக்டர் துரை வந்தபோது மட்டும்
சமுக்காளம் விரித்து
கண்ணை மூடிக்கொண்டோம்.

இவள் வந்து நின்றாள்.
கணுக்காலைச் சுற்றிப் பட்டு நாடா,
நுனியில் பசை இறுகிய ஒரு ஜோடி.
தளவாய் எழுந்தே விட்டார்.
ஜமீன்தார் என் பக்கம் திரும்பினார்.
"செருப்பு இல்லை மகாராஜா, அது வாத்தியம்.
மிருதங்கத்தை வாசலில் விட்டுவிட்டு
உள்ளே வந்து வாசி என்போமா?"
சபை சிரித்தது.
அன்றைக்கு எனக்கு இரண்டு ரூபாய்.

ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு ரூபாய்.
புதுச்சேரியில் கப்பல் கணக்கு எழுதி
மாதம் முழுக்க நான் வாங்கியது ஏழு.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பெயர் க்ளெமான்ஸ் வோத்ரன்.
அந்தப்புரத்தில் கிளிமாஞ்சி என்றார்கள்,
அப்புறம் கிளியம்மா.

கருங்கல் தளம் வழுக்கியது.
குங்கிலியம் கேட்டாள்.
தாம்பாளத்தில் பொடித்து வைத்தார்கள்.
வலது கால், இடது கால், தேய்த்துக்கொண்டு
ஆடப் போனாள்.
விளக்கேற்ற வந்த பேச்சி
மிச்சத்தில் ஒரு சிட்டிகை எடுத்து
நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

வைத்தியலிங்க நட்டுவனார் மூன்று நாள் பார்த்தார்.
"பூமி மேல என்ன கோவமாம் இந்தப் பிள்ளைக்கு?
நாங்க மிதிச்சு எழுப்புறோம்.
இது தொட்டும் தொடாமப் போகுதே."
அவளிடம் கேட்டேன்.
நாடாவை அவிழ்த்தபடி யோசித்தாள்.
"கோபம் இல்லை. ஊரில் கடன் இருக்கிறது."
சபைக்கு நான் சொன்னது:
இந்த மண் புனிதமாம், மிதிக்க மனசு வரலையாம்.
நட்டுவனார் மட்டும்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ராத்திரியே கேட்டிருந்தாள்:
ஒப்பந்தம் ஆறு மாதம்தானே,
எந்தத் தேதியில் திருப்பி அனுப்புவார்கள்?
தூண் வேலைப்பாடு பிரமாதம் என்கிறாள் என்றேன்.

மூன்றாம் மாதம்: சம்பளம் வரவில்லை.
மகாராஜாவின் மீசையைப் போல
பாரீசில் ஒன்று கண்டதில்லையாம் என்றேன்.
மீசை நீவப்பட்டது.

எட்டாம் மாதம்: அம்மாவுக்கு உடம்பு மோசம்,
கடிதம் ஏதாவது வந்ததா?
எனக்கு நாக்கு புரளவில்லை.
"தாகமாம்" என்றேன்.
பானகம் வந்தது.
குடித்தாள். வேறு என்ன செய்வாள்.

சித்திரையில் வைகைக் கரையில் எங்கள் மண்டகப்படி.
அழகர் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார்.
உச்சிவேளை. மணல் கொதித்தது.
மொட்டைத் தலைகள், சர்க்கரைச் செம்புகள்,
தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள்,
பிள்ளையைத் தோளில் ஏற்றியவர்கள்,
அத்தனை பேரும் குதிகால் படாமல்
தத்தித் தத்தி ஓடினார்கள் நிழலுக்கு.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"பார் சவரி, ஊரே நுனிக்காலில்.
ஒருவருக்கும் சம்பளம் இல்லை."
அந்தப் பட்டு ஜோடியைக் கழற்றி
என் கையில் கொடுத்துவிட்டு
மணலில் இறங்கினாள்.
அவ்வளவு பெரிய கூட்டத்தில்
முழுப் பாதமும் ஊன்றி
மெதுவாக நடந்தது அவள் ஒருத்திதான்.
சுடவில்லையா என்று கத்தினேன்.
பத்து வயதிலேயே செத்த கால் என்றாள்.

அந்த ஜோடி என் கையில் கனத்தது.
உள்ளே பஞ்சு, பழைய ரத்தம்,
கொஞ்சம் குங்கிலிய வாசனை.

அடுத்த வெள்ளிக்கிழமை சபை.
வெறுங்காலோடு வந்தாள்.
தளவாய்க்கு ஒரே சந்தோஷம்.
தம்பூரா நின்றது.
என்னைத் தாண்டி இரண்டு அடி முன்னே போய்,
பேச்சியின் குரலில், பேச்சியின் இழுப்போடு,
நல்ல தமிழில் சொன்னாள்:

"பதினாலு மாசச் சம்பளம் வரலை மகாராசா.
எங்காத்தா செத்துப் போச்சு.
இந்தாளு சொல்லலை."

விசிறி நின்றது. வாசலில் குதிரை கனைத்தது.
பழக்க தோஷம்,
ஜமீன்தார் என் பக்கம் திரும்பினார்.

"என்னங்கிறா?"