இடது குதிகால்

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை.
புல் வெட்டும் பினீஷ் பின்வாசல் சங்கிலியை
பூட்டியதுபோல் தொங்கவிட்டுப் போவான்.
என்னிடம் ஒரே ஒரு மட்டை, ஏழாம் நம்பர் இரும்பு.
மாற்றலாகிப் போடிமெட்டு இறங்கிய மேனேஜர் ஒருவர்
குப்பையோடு விட்டுப்போனது.
பிடியில் ரப்பர் பிய்ந்த இடத்தில்
சாக்கு தைக்கும் நூல் சுற்றியிருக்கிறேன்.
பந்து பதினொன்று.
போன வாரம் பதினாறு இருந்தது.
ஐந்தும் முதிரப்புழையாற்றில்.

இடப்பக்கம் பார்த்துத்தான் கிளம்பும்,
ஆறு இருப்பதே தெரியாத மாதிரி.
பாதி வானத்தில் யாரோ கூப்பிட்டதுபோல்
வலப்பக்கம் வளைந்து வளைந்து போய்
இறங்கிவிடும்.

பினீஷ் செல்போனில் பிடித்துக் காட்டினான்,
எட்டில் ஒரு பங்கு வேகத்தில்.
நான் என்று நினைத்திருந்தவன் அதில் இல்லை.
தொப்பைக்கு மேல் சட்டை ஏறிய ஒருவன்
தூக்கும்வரை சரியாகத்தான் தூக்குகிறான்.
வலக்காலில் உடம்பு உட்கார்கிறது, இடுப்பு முறுகுகிறது.
இறங்கும் நேரத்தில்
தோள் முந்திக்கொள்கிறது,
ரேஷன் வரிசையில் குறுக்கே புகுகிறவன் மாதிரி.
கால் மட்டும் அங்கேயே, வலப்பக்கம்,
தகவல் கிடைக்காமல்.
‘பாரம் போயிட்டில்ல சேட்டா’ என்றான் பினீஷ்.

லயத்துக் கூரைத் தகரம் ஒன்றைப் பெயர்த்து
பந்திலிருந்து என் தோள்வரை
சாய்த்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.
ஏறும்போது மட்டை அதை உரசிக்கொண்டு ஏறலாம்.
இறங்கும்போது இன்னும் படுத்த சாய்வில்
தகரத்துக்கு அடியில் வழுக்கி வரவேண்டும்.
ஏறிய வழி வேறு, இறங்கும் வழி வேறு.
என்னுடையது காற்றில் முறிந்த கிராண்டிஸ் கிளையாக
மேலேயிருந்து கூரையைப் பொத்துக்கொண்டு விழுகிறது.

பிழைப்புக்கு நான் எடை போடுகிறவன்.
பதினான்கு வருடமாக இலைத் தராசு.
இருபத்தேழு தொங்கினால் இருபத்தைந்து எழுதுவேன்.
ஈர இலைக்கு இரண்டு கழிவு, கம்பெனி கணக்கு.
மார்ச் வெயிலிலும் அந்த இரண்டு
காய்ந்ததே இல்லை.

செவ்வாய் மதியம் மூன்றரை, தூறல்.
அன்னபாக்கியம் தராசிலிருந்து மூட்டையைக் கழற்றினாள்.
எத்தனை தடவை பார்த்திருப்பேன்,
பார்த்ததில்லை.
மூட்டையைப் பின்னால் ஆட்டுகிறாள்.
அது இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே
இடது குதிகால் மண்ணில் அழுந்துகிறது.
சேற்றில் ரப்பர் செருப்பு ‘பொளக்’ என்கிறது.
இடுப்பு திரும்புகிறது.
தோளுக்கு அவசரம் இல்லை.
கைகளுக்குக் கடைசியில்தான் சேதி போகிறது.
விலாவை ஒட்டி, தாழ, படுத்த சாய்வில் கிளம்பி
டிராக்டர் பெட்டிக்குள் போய் விழுகிறது மூட்டை.
அதற்குள் அவள் முழு உடம்பும் இடக்காலில்.
வலக்கால் விரல் நுனி சும்மா மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

‘என்ன கணக்கப்பிள்ளை, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க.
எழுதியாச்சா?’
எழுதியிருந்தேன். முப்பத்தொன்று.
தராசு காட்டியது முப்பத்துமூன்று.

அடுத்த திங்கள் நல்ல மூடுபனி.
கொடிக்கம்பு தெரியவில்லை, ஆறு தெரியவில்லை.
மட்டை உச்சிக்குப் போய்ச்சேரும் முன்பே
குதிகாலைப் பதித்தேன்.
பயமாகத்தான் இருந்தது,
கை இல்லாதவன்போல ஒரு கணம்.
பிறகு மட்டை தானாக, விலாப்பக்கமாக, விழுந்தது.
உள்ளங்கையில் அடி விழுந்ததே தெரியவில்லை.
தண்ணீரில் விழும் சத்தத்துக்காக
பினீஷும் நானும் காத்திருந்தோம்.
கேட்கவில்லை.

அவன் போனில் திரும்பப் போட்டுக் காட்டினான்.
எட்டில் ஒரு பங்கு வேகத்தில், அந்தத் தொப்பைக்காரன்
ஒரு மூட்டையைத் தூக்கி எறிகிறான்.
முப்பத்துமூன்று கிலோ.
அந்த இரண்டையும் சேர்த்து.

போனை அணைக்கச் சொன்னேன்.
அடுத்த பந்து ஆற்றில்தான் விழுந்தது.
சத்தம் நன்றாகக் கேட்டது.