தோள் மாற்றும் இடங்கள்

பானுலியின் வீட்டில் ஏழு பேர் என்று எழுதினேன்.
எட்டு என்றாள், வயிற்றைத் தொட்டு.
பிறந்த பிறகுதான் எழுத முடியும் என்றேன்.
சாலையும் அப்படித்தான் சொல்கிறது, மாஸ்டர்ஜி என்றாள்.

சௌபாட்டியைச் சுற்றிவர இரண்டு நாள்.
ஐம்பத்தெட்டுக் கதவுகள், பத்தொன்பதில் பூட்டு.
ஒரு பூட்டின் துளைக்குள் குளவி மண் பூசியிருந்தது.
மிச்சக் கதவுகளுக்குள்
இருநூற்று நாற்பத்தாறு பேர்.
மலைக்கிராமம் என்றால் இருநூற்றைம்பது போதும்,
ஜீப் வரும்.
நான்கு பேர் குறைவு.

அன்றிரவு ஹயாத் சிங்கின் முற்றத்தில்
நெருப்பைச் சுற்றிக் கணக்குப் பார்த்தார்கள்.
ஜசுலியின் மகன்கள் இருவரும் ருத்ரபூர் டயர் ஆலையில்,
ஹோலிக்கு வருவார்கள், எழுதிக்கொள்.
கேம்ராஜ் தில்லியில் தட்டுக் கழுவுகிறான்,
ஆதார் அட்டை இங்கேதான், மாவு டின்னுக்குள்.
தான் சிங்கின் எருமையும் சினை என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
ஆனால் எழுதவில்லை.
ஆறு மாதம் இந்தக் கூரைகளின் கீழ் தூங்கியவர்கள் மட்டும்தான்
என்று விதியைப் படித்துக் காட்டினேன்.
அரசாங்கச் சம்பளம் வாங்குகிறாய்,
ஒரு பொய் சொல்ல இவ்வளவு கூச்சமா என்றாள் ஜசுலி.

அடுத்த கேள்வி: பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்?
வெறுங்கை என்றால் மூன்று மணி நேரம்.
சிலிண்டரோடு என்றால் ஐந்து.
டோலி என்றால் பதினான்கு தோள்மாற்று.
ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது:
அக்ரூட் மரம், மணியில்லாத கோவில்,
அட்டைக்குழி, மருமகள்கள் திரும்பிப் பார்க்கும் பாறை...
கைப்பேசியின் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்றது.
பதினொன்று என்று தட்டினேன், கிலோமீட்டரில்.

மூன்றாம் நாள் விடியுமுன் பானுலிக்கு வலி கண்டது.
பள்ளிக்கூட நாற்காலியை வாங்கிப்போய்
இரண்டு மூங்கில்களில் கட்டினார்கள்.
ஒரு நாற்காலிக்குப் பன்னிரண்டு ஆண்கள் வேண்டும்.
நால்வர் சுமக்க, நால்வர் மாற,
நால்வர் முன்னே போய் வழுக்கலில் மண் போட.
பதினெட்டுக்கு மேல், அறுபதுக்குள், ஊருக்குள்
என்று எண்ணிப் பார்த்தேன், இம்முறை படிவம் இல்லாமல்.
பதினொருவர். அதில் ஒருவனுக்குக் குடலிறக்கம்.
என் பையை ஜசுலியிடம் கொடுத்தேன்.

நான்கு பேர் குறைவு என்பது
தாளில் ஒரு கழித்தல்.
பாதையில் அது நாற்காலியின் பின்கால், இடது பக்கம்,
கழுத்தெலும்புக்கு மேலே மூங்கில் உருளும் இடம்.

ஒன்பதாவது தோள்மாற்றில், ஓடைக்கு இக்கரையில்
இறக்குங்கள் என்றாள் பானுலி.
ஆண்கள் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.
கீமுலி தன் சால்வையை விரித்துப் பிடித்தாள்.
எதிர் மலையில் பைசோடி,
அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவர்களுடைய ஜீப்பின் ஹாரன்
பள்ளத்தாக்கை ஒரு நொடியில் தாண்டி வந்தது.
அதற்குப் பின் குழந்தையின் குரல்.

பெண். எழுதிக்கொள், மாஸ்டர்ஜி என்றாள் கீமுலி,
எந்த ஊர் என்று எழுதுவாய்?
சுற்றிலும் பார்த்தேன்,
வனத்துறையின் எல்லைக்கல் ஒன்றுதான் இருந்தது.
ரத்தம் நிற்கவில்லை.
ஐந்து தோள்மாற்று மீதமிருந்தது. ஓடினோம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பீடியை எறிந்துவிட்டு வந்தார்.
எத்தனை பேர்?
இரண்டு.
ஒருவர் என்றுதானே போனில் சொன்னீர்கள்?

இருநூற்று நாற்பத்தேழு என்று அனுப்பிவைத்தேன்.
பானுலி பிழைத்தாள்.
மழை ஓய்ந்ததும் அவள் வீட்டுக் கதவிலும் பூட்டு,
புதியது, இன்னும் எண்ணெய் மினுங்குகிறது.
எட்டுப் பேரும் கீழே ஹல்த்வானியில்,
ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிற்குமாம்.
அவள் கணவனும் கொழுந்தனும் போனபின்
ஊரில் ஒன்பது தோள்கள்.
என்னுடையதைச் சேர்த்தால் பத்து.

என் மாற்றல் உத்தரவு
மேசை இழுப்பறையில் இருக்கிறது.
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.