எஃப் பன்னிரண்டு

நானூறு ரூபாய் டிக்கெட்.
அதற்குமேல் வசதிக் கட்டணம் நாற்பத்தேழு.
யாருடைய வசதியோ.
ஓடிபி வந்து சேர்வதற்குள்
நல்ல சீட்டெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது.

கிடைத்தது எஃப் பன்னிரண்டு, தூணுக்குப் பின்னால்.
மூத்த மகனின் பாதி முகமும்
மருமகளின் முழு முதுகும் பார்த்தேன்.

எஸ்தர் புளோராவிடம் நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு
ஸ்டான்லியிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போனவள்;
சொல்ல எனக்கு உரிமை உண்டு.
அந்த அப்பா இருபது நிமிடம் செத்தார்.
சொத்தைப் பிரித்தார், எல்லோரையும் மன்னித்தார்,
பழமொழிகூட ஒன்று சொன்னார்.
பக்கத்து சீட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.
என் வார்டில் யாரும் அப்படிப் போனதில்லை.
ஃபேனைக் குறைக்கச் சொல்வார்கள்.
செருப்பு எங்கே என்பார்கள்.

போன மாதம் பெரம்பூர்
கல்யாண மண்டபத்தில் போட்டது வேறு.
ஐம்பது ரூபாய், வாசலில் கிழித்துக் கொடுத்தார்கள்.
நாற்காலியை நாமே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.
கதை சுமார். மைக் கொர்ரென்றது.
லோகோ ஒர்க்ஸ் தணிகாசலம்
வாத்தியார் வேஷத்தில் வசனத்தை மறந்தார்.
மறந்து,
மேசையிலிருந்த டம்ளரை
நகர்த்தி நகர்த்தி வைத்தார்.
உள்ளிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தும் பேசவில்லை.
விசிலடிக்க வந்த பையன்கள்கூட
கம்மென்று இருந்தார்கள்.

அந்த டம்ளரை எனக்குத் தெரியும்.
பதினேழாம் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை மறுபடி போடுகிறார்களாம்.
போன் பண்ணிக் கேட்டேன்:
வசனமெல்லாம் இப்போது மனப்பாடமாம், மேடம்,
ஒரு வார்த்தை பிசகாதாம்.

ஒரு டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், எதற்கும்.
முன்வரிசை.