முப்பத்தேழாவது லெவல்

ஃபேர்லேண்ட்ஸில் இரண்டாம் மாடி, கீழே பல் ஆஸ்பத்திரி.
அங்கே உட்கார்ந்து தோல்வி செய்கிறேன்
மாதச் சம்பளத்துக்கு.

முழுத் தோல்வி விலை போகாது.
ஒரே ஒரு மூவ் குறைந்த தோல்விதான் போகும்.
மூன்று மாம்பழம் சேர்ந்தால் வெடிக்கிற விளையாட்டு.
முப்பத்தேழாவது லெவலில்
கடைசி மாம்பழம் ஒரு கட்டம் தள்ளியே விழும்.
தற்செயல் என்று நினைப்பீர்கள்.
அதற்கொரு எக்செல் தாள் இருக்கிறது,
மஞ்சள் அடித்த கட்டத்தில் என் இனிஷியல்.

எண்பத்தொன்பது ரூபாய்க்கு ஐந்து மூவ்.
தொண்ணூறு என்றால் விரல் பின்வாங்குகிறது.
அதைக் கண்டுபிடித்த நாள்
கேசவமூர்த்தி சார் எல்லோருக்கும் பிரியாணி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு பஸ்.
கோரிமேடு தாண்டியும் ஜன்னலோரம் கிடைக்கவில்லை.
பக்கத்தில் ஒரு அக்கா,
மடியில் ஹாஸ்டல் சமையலுக்கான ரவைப் பை,
கீறல் விழுந்த போன்,
போனில் என் மாம்பழங்கள்.
மேல் ஓரத்தில் பெயர்: தங்காயி85.
எங்கள் தாளில் அவள்
‘பி பிரிவு, இன்னும் காசு கட்டாதவர்’.

முதல் கொண்டை ஊசி வளைவு.
இந்த ரோட்டைப் போட்டவன் நல்ல டிசைனர்.
இருபது என்று பலகை வைத்துச் சொல்லிவிட்டுத்தான்
வளைக்கிறான்.
வாந்தி வந்தால் அது உன் வாந்தி.
எண்பத்தொன்பது ரூபாய் கொடுத்தால்
பதினெட்டாம் வளைவை நிமிர்த்தித் தருவதில்லை.

அந்தக் காலம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை.
செவ்வாய்பேட்டையில் வாங்கிய கேசட்டில்
9999 கேம் என்று போட்டிருந்தது, உள்ளே ஏழுதான்.
ஆனால் குழி இருந்த இடத்தில் குழி இருந்தது.
என் பாக்கெட்டைப் பார்த்து அகலவில்லை.

தம்பி தவணையில் கன்சோல் வாங்கினான்.
கேம் பெட்டியைத் திறந்தால் டிஸ்க் இல்லை,
கோடு எழுதிய அட்டை.
அம்மாபேட்டை நெட்டில் மூன்று ராத்திரி இறங்கியது.
அவன் கடனை மூடுவதற்கு இரண்டு மாதம் முன்னால்
அவர்கள் சர்வரை மூடினார்கள்.
அட்டை இன்னும் இருக்கிறது,
அலமாரிக் கால் ஆடாமலிருக்க.

ஒன்பதாம் வளைவில் தங்காயி முப்பத்தேழுக்கு வந்தாள்.
எனக்குக் காது அடைத்தது. மலையாலும் இருக்கலாம்.
பதினொன்றில் தோற்றாள்.
“ச்சே, ஒண்ணே ஒண்ணு.”

இந்தச் ‘ச்சே’யைத்தான்
எட்டு மாதமாக வரைபடத்தில் மட்டும் பார்க்கிறேன்.
அது ஒரு சிவப்புப் புள்ளி.
அதற்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று தெரியாது.

பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரல்,
நகத்தில் காய்ந்த மாவு.
வேண்டாம்க்கா என்பது என் பல்வரை வந்தது.
பஸ் வளைந்தது. சிக்னல் போனது.
திரையில் வட்டம் சுற்றியது.

“சுத்திக்கிட்டே இருக்கு. காசு போயிருக்குமா கண்ணு?”
“போகலக்கா.”
எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

“போனாலும் போகட்டும்னுதான் அமுக்குனேன்.
இது வேணும்னே பண்ணுது.
இருபது தடவ எண்ணிட்டேன்,
கடைசிப் பழம் வலப்பக்கந்தான் விழுது.
காசு கட்டுனா எந்தப் பக்கம் விழுதுன்னு
பாக்கணும்ல?”
பிறகு, ரவைப் பையைச் சரிசெய்துகொண்டே,
“வலப்பக்கத்த மொதல்ல காலி பண்ணிட்டு ஆடணும்.”

தாளை மனதுக்குள் விரித்துப் பார்த்தேன்.
ஆமாம். அப்படி ஆடினால் ஜெயிக்கலாம்.
நான்கு டெஸ்டர்கள், ஒரு பெங்களூர் கன்சல்டன்ட்,
யாருக்கும் தெரியாத ஓட்டை.
திங்கட்கிழமை நான் எழுதித் தர வேண்டிய ஓட்டை.

இருபதாம் வளைவு முடிந்தது, பலகை சொன்னபடி.
ஏரிக்கரை ஸ்டாப்பில் சிக்னல் வந்தது.
அவள் பைக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம்:
‘தங்காயி85, உங்கள் மாம்பழங்கள் காத்திருக்கின்றன!’
பார்க்காமலே தெரியும்.
அந்த ஆச்சரியக்குறி என்னுடையது.

அவள் எடுத்துப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.
ஜன்னலோரம் காலியானது.
உட்காரவில்லை.